மூன்றாவது முறம்

"அம்மா, மடத்துக்குள்ள ஒரு கள்ளன் இருக்கான்," என்றார் குற்றாலலிங்கம்.

ஆவுடையம்மை சர்வரின் மூடியைக் கழற்றி வைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே காற்றாடியில் படிந்திருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எதைக் களவாண்டான்?"

"கடுதாசிய."

"யாரு?"

குற்றாலலிங்கம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு ஜன்னலையும் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினால் மெஷின் சூடாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சாத்தினார்.

"மாசானமுத்து," என்றார் மெல்ல.

அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

*

நீர்மலை மடத்துக்குக் கோபுரம் கிடையாது, தேர் கிடையாது. வேலை ஒன்றுதான். கஷ்டத்தில் இருக்கிறவர்கள் கடிதம் எழுதுவார்கள். மூன்று நாளைக்குள் பதில் போக வேண்டும்.

முன்பெல்லாம் தபாலில் வந்தன. இப்போது மெயிலில் வருகின்றன. ஒருத்தர் நம்மை நம்பி அனுப்புகிற மனக்கஷ்டம் மூன்றாம் மனிதன் கட்டடத்தில் கிடக்கக் கூடாது என்று மடத்தை ஆரம்பித்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கும் இலவச மெயில் பெட்டி இவர்களுக்கு ஆகாது. பழைய நெல் அறையில் சொந்தமாக ஒரு லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொள்பவள் ஆவுடையம்மை. வயது நாற்பத்தொன்று. சென்னையில் ஒரு கம்பெனியில் எழுநூறு சர்வர்களைக் கட்டி மேய்த்தவள், ஒருநாள் ஒன்று போதும் என்று வந்துவிட்டாள்.

அவளிடம் பாடம் கேட்க வந்தவர் குற்றாலலிங்கம். வயது அறுபத்தொன்று. ரயில்வே மெயிலில் முப்பத்து நாலு வருஷம், ஓடுகிற ரயிலில் நின்றபடி ஊர் ஊராகக் கடிதம் பிரித்து அடுக்கியவர். சிஷ்யர் குருவைவிட இருபது வயது மூத்தவர். இவர் அவளை அம்மா என்பார். அவள் இவரை அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் இருந்ததில்லை.

அவருக்குச் சந்தேகம் ஒரு வியாதி என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதைத் திறமை என்று நினைத்திருந்தார். ஒரே ஒரு தடவை அது பலித்துத் தொலைத்ததுதான் கோளாறு. கூட வேலை பார்த்த ஒருவன் பார்சலிலிருந்து கைக்கடிகாரம் எடுத்ததை, அவன் மற்றவர்களிடம் மணி கேட்பதை நிறுத்திவிட்டான் என்பதை வைத்தே கண்டுபிடித்தார். இலாகாவில் பாராட்டிக் காகிதம் கொடுத்தார்கள்.

அதிலிருந்து பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார். சிரிக்காவிட்டாலும் அதையேதான் சொல்வார்.

*

மாசானமுத்து மடத்துக்கு வந்து எட்டு மாதம். இருபத்தொன்பது வயது. வருகிற கடிதங்களை முதலில் குற்றாலலிங்கம் படித்துப் பிரித்துக் கொடுப்பார், பதில் எழுதுகிற பத்துப் பேரில் மாசானமுத்துவும் ஒருவன். எழுதியதற்கு ஒரு நகல் குற்றாலலிங்கத்துக்கு வரும். மடத்தில் அதுதான் முறை.

வந்த அன்றைக்கே சாப்பாட்டுப் பந்தியில் தன் கதையை அவனே சொன்னான்.

"விளம்பர மெயில் அனுப்புத கம்பெனியில இருந்தேன் அண்ணாச்சி. ஒரு நாளைக்கு ரெண்டு லட்சம் பேருக்குப் போவும். ஒருத்தர் பேரும் தெரியாது. ஒருத்தருக்கு ஒண்ணுன்னு எழுதிப் பாக்கணும்னு இங்க வந்தேன்."

குற்றாலலிங்கம் தன் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு பந்தியின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

சின்னத் தப்பை ஒருவன் தானாக ஒத்துக்கொள்கிறான் என்றால் பெரிய தப்பு ஒன்றை மறைக்கிறான் என்று அர்த்தம். இது அவர் கணக்கு. அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவன் அறைக்குள் வந்தால் இவர் எழுந்து வெளியே போவார். அவன் வெளியே நின்றால் இவர் உள்ளே வருவார்.

*

"நாப்பது நாளா கடுதாசி குறையுது," என்றார் குற்றாலலிங்கம். "தினம் முப்பது வந்த இடத்துல இப்ப அஞ்சு, ஆறு. நேத்து சங்கரன்கோயில்லேருந்து ஒரு பொம்பள போன் போட்டா. மூணு தடவ எழுதிட்டாளாம். ஒண்ணு கூட என் கண்ணுல படல."

"என்ன சொன்னாங்க?"

"மவன் பேச்ச நிறுத்திட்டானாம். சாப்பாட்ட ரூமுக்குள்ள வாங்கிக்கிட்டு கதவச் சாத்திக்கிடுதானாம். 'பதில் எழுத முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வரி போடுங்கய்யா'ன்னா." அந்த நிமிஷம் அவருக்கு மாசானமுத்து ஞாபகம்கூட இல்லை. "முப்பத்து நாலு வருசத்துல என் கைக்கு வந்த ஒரு கடுதாசி தொலைஞ்சது கிடையாதும்மா."

"மாசானமுத்து அதை எடுத்து என்ன செய்யப்போறான்?"

"கஷ்டப்படுத ஆளுக அட்ரஸ். பழைய கம்பெனிக்குக் கொடுத்தா சும்மாவா விடுவான்?"

ஆவுடையம்மை சர்வரின் மூடியைக் கையில் எடுத்தாள்.

"நம்ம ஊருக்கு ஒரே பஸ், நாலு மணிக்கு. அதுல அவன ஏத்தி விடுங்க. இல்ல, நான் ஏறுதேன்."

அவள் மூடியை மாட்டி நாலு திருகாணியையும் முடுக்கினாள். அவசரமே இல்லை.

"இன்னைக்குப் புதன். கடுதாசி எங்க போச்சுன்னு கண்டுபிடிங்க. அவன் கையில இருந்தா, வெள்ளிக்கிழமை பஸ்ல அவன் போவட்டும்."

கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒண்ணு சொல்லிருதேன்," என்றாள். "நீங்க இப்படிச் சந்தேகப்படுதீங்கன்னு அவன்கிட்ட நான் சொல்லிருவேன்."

"சொன்னா உசாராயிருவாம்லா."

"ஆவட்டும். யாராவது ஒருத்தர் உசாரா இருக்கணும்லா."

*

சர்வர் தான் செய்கிற ஒவ்வொன்றையும் தானே எழுதி வைக்கும். எந்தக் கடிதம் எத்தனை மணிக்கு வந்தது, யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் எல்லாம் வரி வரியாக இருக்கும். அதற்கு லாக் என்று பெயர். ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கிக் கொடுக்கும்.

குற்றாலலிங்கம் பொறுக்கினார். பகல் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வரி வந்தது. அத்தனையையும் ஒரு கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதினார். மெஷினிலேயே வைத்தால் மாசானமுத்து அழித்துவிடுவான் என்று பயம்.

வியாழக்கிழமை காலை நோட்டோடு வந்து நின்றார்.

"தினமும் அஞ்சு பத்துக்கு உள்ள வாரான் அம்மா. ஒரு நாள் தப்பல. நல்ல மனுசன் விடிஞ்சும் விடியாம எதுக்கு மெஷின்ல வந்து உக்காரணும்?"

"நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?"

"அஞ்சு மணிக்கு."

"எதுக்கு?"

"அவன் வாரானான்னு பாக்க."

ஆவுடையம்மை நோட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டினாள். கையெழுத்து அழகாக இருந்தது. திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொல்லித் தேடுனீங்க?"

"அவன் பேரச் சொல்லித்தான்."

"காணாமப் போனது அவனா?"

குற்றாலலிங்கம் நோட்டை மூடி மேஜை ஓரத்தில் வைத்தார்.

*

அன்று மத்தியானம் சங்கரன்கோயில் பெண்ணின் மெயில் முகவரியைக் கொடுத்துத் தேடினார். மூன்று இடத்தில் அகப்பட்டது.

மூன்று கடிதமும் வந்திருக்கின்றன. வாசல்வரை வந்து, உள்ளே நுழையும் முன் சல்லடையில் விழுந்திருக்கின்றன.

சல்லடை என்பது ஃபில்டர். ஃபில்டர் என்றால் இவர்களுக்குக் காப்பி ஞாபகம் வந்துவிடும், அதனால் மடத்தில் அந்தப் பேச்சே கிடையாது. வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் சல்லடை மார்க் போடும். பதினைந்துக்கு மேல் போனால் குப்பை. யாரையும் கேட்காது, யாருக்கும் சொல்லாது, கீழே தள்ளிவிடும். வெளியிலிருந்து வருவது, மடத்துக்குள் ஒருவர் இன்னொருவருக்குப் போடுவது என்ற பேதமெல்லாம் அதற்கு இல்லை.

அந்தத் தாய்க்கு அது பத்தொன்பது மார்க் போட்டிருந்தது.

ஏன் என்றும் எழுதியிருந்தது. இந்தக் கடிதத்தில் உள்ள சொற்கள் குப்பையில் வரும் சொற்கள் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

"கத்துக் கொடுத்திருக்கான்," என்றார் குற்றாலலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு. "விளம்பர மெயில் அனுப்புனவனுக்குச் சல்லடையோட சூட்சுமம் தெரியாமலா இருக்கும்?"

யார் கற்பித்தது என்று தேடினார். எட்டு மாதமாக, நாள் தவறாமல், விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு வரி இருந்தது.

கற்பித்தவர்: குற்றாலம்.

அது அவருடைய பெயர். மெஷினுக்குள் நுழைய அவர் அடிக்கிற பெயர்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அவர் முகம் தெளிந்தது.

"பாத்தீங்களா அம்மா," என்றார். "என் பாஸ்வேர்டையும் களவாண்டுட்டான்."

*

பாஸ்வேர்டை மாற்றினார். பத்து நிமிஷம் கழித்து, மாற்றியதை யாராவது பார்த்திருப்பார்களோ என்று தோன்றி இன்னொரு தடவை மாற்றினார். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வந்த ஆறு கடிதங்களை வழக்கம்போலப் பிரித்தார். மாசானமுத்து எழுதிய பதில்களின் நகல் இரண்டு வந்தது. அதையும் வழக்கம்போல எங்கே வைப்பாரோ அங்கே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அஞ்சு மணிக்கு லாக்கைத் திறந்தார். நாலரை மணிக்கு ஒரு வரி.

கற்பித்தவர்: குற்றாலம்.

வேட்டி மடிப்பைத் தடவினார். சீட்டு இருந்தது. இந்த அறையில் அவர் பாஸ்வேர்டு மாற்றும்போது மாசானமுத்து இல்லை. வேறு யாரும் இல்லை. ஒரே ஒருத்தி மட்டும்தான் இருந்தாள்.

ஏழு மணிக்கு ஆவுடையம்மை வந்தாள். குற்றாலலிங்கம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சென்னையில் அத்தனை சம்பளத்தை விட்டுவிட்டு இந்த நெல் அறைக்கு ஒருத்தி ஏன் வர வேண்டும்? இத்தனை நாளும் இதை யோசிக்காமல் போனோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"இப்ப நானா?" என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

அவள் வெளியே போய் இரண்டு முறம் எடுத்துக்கொண்டு வந்தாள். மடத்துச் சமையலறையில் அரிசி புடைக்கிற முறம். தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஒரு கட்டுக் காகிதத்தை அவர் மடியில் வைத்தாள். போன வருஷம் வந்த மெயில்கள், அச்சடித்தவை.

"பிரிங்க," என்றாள்.

"எதுக்கு?"

"ரயில்ல பிரிப்பீங்கள்லா, அந்த மாதிரி. பதில் போட வேண்டியது ஒரு முறம். குப்பை ஒரு முறம்."

குற்றாலலிங்கத்துக்கு இதிலும் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது. ஆனால் கை அவருடைய மனசைக் கேட்கவில்லை. காகிதக் கட்டு மடியில் விழுந்ததும் அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. இடது கை தள்ளிக் கொடுக்க, வலது கை வீச, இந்த முறம், அந்த முறம், இந்த முறம். பார்க்கவே நன்றாக இருந்தது. ஆவுடையம்மை சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழாவது காகிதத்தில் கை நின்றது.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னொரு முறம் வேணும்லா."

"எதுக்கு?"

"இது பதில் போடுததா குப்பையான்னு தெரியல. ஆளு ஒரு மாதிரி எழுதியிருக்கான். இத ஓரமா வைக்கணும். ரயில்ல கடைசி அறை அதுக்குத்தான் இருக்கும். சந்தேகமானத எல்லாம் அதுல போட்டு வச்சு, பெரிய ஸ்டேசன் வந்ததும் மேலதிகாரிகிட்ட காட்டுவோம்."

"மெஷின்ல அந்த மூணாவது முறம் எங்க இருக்கு?"

"அதான்..."

அவர் கை மானிட்டரைக் காட்டப் போனது. பாதியில் நின்றுவிட்டது.

*

அவர் பிரிக்கிற திரையில் பக்கவாட்டில் சில பெட்டிகள் உண்டு. கடைசிப் பெட்டிக்கு ஸ்பேம் என்று பேர். முதல் நாளிலிருந்து அவருக்கு அது ரயிலில் இருந்த கடைசி அறை. சந்தேகமானதை ஓரம் கட்டி வைக்கிற இடம்.

சல்லடைக்கு அது ஓரமில்லை. பள்ளிக்கூடம். அந்தப் பெட்டியில் மனிதர்கள் எதைப் போடுகிறார்களோ அது குப்பை என்று எடுத்துக்கொண்டு, விடியற்காலை நாலரை மணிக்கு அதிலுள்ள சொற்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்து, போட்டவர் பெயரைக் கற்பித்தவர் என்று எழுதிக்கொள்ளும். கடிதம் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் பாடம் ஏறும். ஆவுடையம்மை இதை முதல் மாதமே சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவர், மாசானமுத்து கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்கிறானா என்று கவனித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தார். அறுநூற்றுச் சொச்சம் கடிதம்.

மாசானமுத்து எழுதிய ஒவ்வொரு பதிலின் நகலும் அதில் இருந்தது. அவனுக்கு ஜனங்கள் திருப்பி எழுதியதும் இருந்தது. என்றைக்காவது சேர்த்துப் படித்துக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஓரம் கட்டியவை. ஒன்றையும் படித்ததில்லை. இப்போது படித்தார்.

தூக்கம் வரலை. எம் மவன் பேச மாட்டேங்கான். எங்களுக்கு யாருமில்லை. உங்க கடுதாசியப் படிச்சுட்டு அழுதேன், கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

இந்தச் சொற்களெல்லாம் குப்பை என்று எட்டு மாதமாக அவர் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றார்.

"புதன்கிழமை தெரியும்."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். நம்பியிருக்க மாட்டார். இவளும் அவனும் கூட்டு என்றுதான் நினைத்திருப்பார்.

"சங்கரன்கோயில் பொம்பள..."

"நேத்தே போன்ல பேசிட்டேன். மாசானமுத்துவும் பேசுனான். ஒரு மணி நேரம்."

*

"ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வைங்க," என்றாள் ஆவுடையம்மை. "குப்பை இல்லன்னு எடுத்து வச்சா, அதையும் படிச்சுக்கிடும். நாளைக்கு விடியக்காலைலதான் படிக்கும். இன்னைக்கு ராத்திரி வரைக்கும் பழைய புத்தியிலதான் இருக்கும்."

மொத்தமாக எடுக்க வழி இருந்தது. அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பாதிக்கு மேல் போன பிறகு வேறு சில கடிதங்கள் வந்தன. யாருடைய பதிலின் நகலும் அல்ல. அவருக்கே எழுதப்பட்டவை. பதினொன்று. எல்லாம் மாசானமுத்துவிடமிருந்து. அனுப்பியவன் பெயரைப் பார்த்ததுமே அவர் ஓரம் கட்டியிருந்தார்.

முதலாவதில் இப்படி இருந்தது: "அண்ணாச்சிக்கு வணக்கம். கடுதாசி குறையுற மாதிரி தெரியுது. சல்லடை எதையோ தப்பாப் படிச்சிருக்குன்னு நினைக்கேன். நேர்ல சொல்ல வந்தா எந்திரிச்சுப் போயிருதீங்க. அதனால எழுதுதேன்."

ஏழாவதில்: "அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லலை. நான் சொன்னா உங்க பேரு கெட்டுரும். நீங்களே பாத்துச் சரி பண்ணிருங்க."

பதினோராவது ஒரே வரி. "நேத்து சாப்பிட வரலையே அண்ணாச்சி, உடம்புக்குச் சரியில்லையா?"

எந்த நாள் என்று பார்த்தார். அவன் எங்கே போகிறான் என்று பார்க்க மாமரத்துக்குப் பின்னால் சாப்பாடு இல்லாமல் நின்ற நாள்.

குற்றாலலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவன் இன்னைக்குப் போவ வேண்டாம்லா?" என்றார்.

"இருன்னு சொல்லிட்டேன். நான் சொன்னா பத்தாதாம். 'பக்கத்துல இருக்கிற மனுசனே என்னை நம்பல, நான் எழுதுத ஆறுதல யாரு நம்புவா'ன்னு கேக்கான். நாலு மணி பஸ்ஸுக்குப் போறான்."

"என்ன செய்யலாம் இப்ப?"

அவள் பிரஷ்ஷை எடுத்துக் கீபோர்டுத் தூசியைத் தட்ட ஆரம்பித்தாள்.

*

மூன்றரை மணிக்குக் குற்றாலலிங்கம் மறுபடி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மன்னிப்புக் கேட்டு ரெண்டு பக்கம் எழுதுனேன் அம்மா. ஒண்ணரை மணிக்கே போட்டாச்சு. ஒண்ணையும் மறைக்கல. அழுதேன், தூக்கம் வராதுன்னுகூட எழுதுனேன். எம் மவன் மாதிரின்னும் எழுதுனேன். ரெண்டு மணி நேரமாச்சு. ஒரு வரி பதில் இல்ல."

"அப்படியா."

"ரூம்ல துணி மடிச்சுக்கிட்டு இருந்தான், ஜன்னல் வழியாப் பாத்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. பாக்கான், வைக்கான். படிச்சுட்டுத்தான் சும்மா இருக்கான். அம்புட்டு வன்மம் மனசுல. நான் மொதல்ல நினைச்சது ஒண்ணும் தப்பில்ல."

ஆவுடையம்மை கீபோர்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் உட்கார்ந்தார். மாசானமுத்து என்று அடிக்கப் போனார். முதல் எழுத்திலேயே நிறுத்தி, அழித்தார். தன் பெயரை அடித்தார்.

கடைசி வரி வந்தது.

அனுப்பியவர்: குற்றாலம். பெறுபவர்: மாசானம். நேரம் ஒன்று முப்பத்திரண்டு. மார்க் இருபத்திரண்டு. குப்பை. தள்ளப்பட்டது.

அந்தச் சங்கரன்கோயில் தாயைவிட மூன்று மார்க் கூட.

"அவன் ரூம் இங்கேருந்து எத்தனை அடி இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஆவுடையம்மை.

"நாப்பது இருக்கும்," என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். செருப்பு போடவில்லை. நாற்பது அடி நடந்து பார்த்தார். அறை திறந்து கிடந்தது. துணி இல்லை, பெட்டி இல்லை.

அறுபத்தொரு வயசு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. மடத்து நாயும் கூடவே ஓடியது.

*

பஸ் நின்றுகொண்டிருந்தது. மாசானமுத்து ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். கையில் பை.

"நில்லு," என்றார். மேலே பேச மூச்சு இல்லை. எட்டு மாதத்தில் அவனிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

மாசானமுத்து திரும்பினான். படியிலிருந்து காலை எடுக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தான். அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். குற்றாலலிங்கத்துக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். அதை வாங்கிக்கொள்வது எப்படியிருக்கும் என்பது மட்டும் இதுவரை தெரியாது.

"அம்மா அனுப்புனாங்களா?"

"இல்ல."

"மெஷின் சரியாயிட்டா?"

"நாளைக்குத்தான் சரியாவும்."

"பொறவு எதுக்கு ஓடி வாரீங்க?"

"ஏறுதீரா இல்லையாய்யா?" என்றார் கண்டக்டர்.

"உனக்கு ஒரு கடுதாசி போட்டேன்," என்றார் குற்றாலலிங்கம். "வந்து சேரல. அதான் நானே கொண்டாந்தேன்."

மாசானமுத்து அவர் கைகளைப் பார்த்தான். இரண்டும் வெறுங்கை.

அவன் படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தான்.

"வாசிங்க அண்ணாச்சி," என்றான்.